பெண்கள் பக்கத்துப் படங்கள்

1

“ஒங்கட கொம்பியூட்டர்ல தொறக்குதா மச்சான்?”

“என்னத்த?”

“ஒண்டுமில்ல. சோத்தத் தின்னுங்க.”

கல்முனையில் ஒரு கல்யாண வீட்டில், என்னோடு ஒரே சஹனில்* சாப்பிட்ட பெண், தனக்கும் கணவனுக்கும் நடந்த இந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்தாள். கதை அங்கேதான் பிறந்தது. அவளுக்குப் பஸ்லியா என்றும் கணவனுக்கு ஷிப்லி என்றும் பெயர் வைத்துக்கொண்டேன்.

(*பலர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு. அதில் கை வைக்க யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை.)

2

முதல் தொடக்கம்: பஸ்லியாவின் அகன்ற கண்களில்...

(வேண்டாம். பொறாமைப்படப் போகிறவளுக்குக் கண்ணைவிடக் கணினிதான் அவசரம்.)

இரண்டாவது தொடக்கம்: பஸ்லியாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டின் முன்னறையில் ஷிப்லி கல்யாணப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோ நடத்தினான். பின்னறையில், வின்டோஸ் கணினியில், அவள் அல்பம் செய்தாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க ஆகிலா புதிதாக வந்தாள், தன் ஆப்பிள் மெக் கணினியோடு. ஷிப்லியின் மேசைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தாள்.

ஆகிலா பகிர்ந்த படக் கோப்புறை பஸ்லியாவின் திரையில் தெரிந்தது. அழுத்தினால், ‘அனுமதி இல்லை’. முன்னறையில் சிரிப்புச் சத்தம். அங்கே திறக்கிறதாக்கும், இங்கேதான் திறக்கவில்லை. தன் சொந்த வீட்டுக்குள் தனக்கே பூட்டிய ஓர் அறை!

ஆகிலாவிடமே கேட்டுவிடலாம். கேட்டால் அவளிடம் தோற்றதாகிவிடும். ஆகிலாவின் தேநீரில் சீனி குறையத் தொடங்கியது.

3

ஆகிலாவைக் கெட்டவளாக்கலாமா என்று யோசித்தேன். பஸ்லியாவுக்கு அது மிகவும் பிடித்திருக்கும். ‘ஆகிலா கள்ளச் சிரிப்போடு’ என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்லி ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும், பஸ்லியா அவனுடைய கணினியில் அதே கோப்புறையை அழுத்தினாள்.

அனுமதி இல்லை.

“ஷிப்லி நானாக்குத் தொறக்காது ராத்தா,” பின்னால் ஆகிலா நின்றாள். “பொம்புளப் பக்கத்துப் படத்த ஆம்புள பாக்க மாட்டாங்க எண்டு கல்யாணப் பொண்ணுட உம்மாட்ட வாக்குக் குடுத்ததே அவர்தானே.”

“எனக்கும் தொறக்குதில்லயே!”

“உங்கட பேர மொத நாளே போட்டனே!” ஆகிலா மெக்கைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். “அல்லாஹ்! வின்டோஸ்ல இருந்து வாற ஆளுக்குத் தனியா ஒரு சரி போடணும். மறந்துட்டன். இதையா மனசுக்குள்ள வெச்சிருந்தீங்க? ராத்தாட்ட சீனி முடிஞ்சுபோச்சு எண்டெல்லோ நெனச்சன்!”

பஸ்லியாவின் பெயருக்கு நேரே சரிக்குறி விழுந்தது. கடவுச்சொல்லை ஒருமுறை அடித்தார்கள். பின்னறையில் கோப்புறை திறந்தது: மருதோன்றிக் கைகள், முக்காடு நழுவிய சிரிப்புகள், மணப்பெண்ணின் காதில் ஏதோ சொல்லும் மச்சிமார். ஷிப்லி ஒருநாளும் போக முடியாத இடம். ஆகிலா போய்வந்த இடம்.

பொறாமை போகவில்லை. ஆகிலாவை விட்டு அவள் கெமராவில் போய் உட்கார்ந்துகொண்டது.

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் ஷிப்லி சிரிக்கிறான். மற்றதில், ‘ஊர் என்ன கதைக்கும்?’ என்கிறான். எது நடந்தது என்று சஹன்காரியிடம் கேட்டேன். இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, “தின்னுங்க” என்றாள்.

ஆகவே அவனுடைய பதில் உங்கள் பொறுப்பு. எனக்குத் தெரிந்தது, கல்யாணமான நாள்முதல் தொண்டையில் வைத்திருந்து, அன்று அவன் பள்ளிவாசலிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றுமுன் அவள் சொன்னது மட்டும்தான்:

“மச்சான், அடுத்த கல்யாணத்துக்கு நானும் வாறன். கெமரா புடிக்க எனக்கும் பழக்கித் தாங்க.”