படையலில் வைத்த தம்ளர்

"அண்ணி, அண்ணனுக்கு என்னென்ன பிடிக்கும்னு சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள சமைச்சிடலாம்" என்று அம்மாக்கண்ணு நீலாவதியிடம் கேட்டாள்.

அன்று பதினாறாம் நாள் காரியம். மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையில் தான் பிறந்த லயன் வீட்டிலேயே அதைச் செய்ய வேண்டும் என்று அவள் கணவர் அர்ஜுனன் எழுதி வைத்திருந்தார். அந்த வீட்டில் இப்போது அவருடைய தங்கை அம்மாக்கண்ணு குடியிருந்தாள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

நீலாவதி யோசித்தாள். ரசமா, வெந்தயக் குழம்பா, நெத்திலிச் சம்பாலா? எதை வைத்தாலும் அவர் சொன்னது ஒன்றைத்தான். "நல்லாருக்கு, நீலா." கல்யாணமான புதிதில் ஒருநாள் சாம்பாரில் இரண்டு முறை உப்பைப் போட்டுவிட்டாள். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நல்லாருக்கு என்று கையைக் கழுவினார். தான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஈப்போவில் இருந்த அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லி, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படிப்பட்ட மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கா பொறாமைப்பட்டாள்.

அவருடைய வேலையும் அப்படிப்பட்டதுதான். தானா ராத்தாவில் விவசாய அதிகாரியாகச் சேர்ந்தவர், பிறகு தூதரகங்களில் விவசாயப் பிரதிநிதியாக ரோம், தி ஹேக், தோக்கியோ என்று ஊர் ஊராகப் போனார். மலைநாட்டுத் தேயிலையும் பூவும் காய்கறியும் ஒரு நாட்டுக்குள் போக வேண்டுமென்றால் அவர் போய்ப் பேச வேண்டும். பாதிப் பேச்சு சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். பச்சை மீனோ, மூக்கைப் பொத்த வைக்கும் பாலாடைக்கட்டியோ, எது வந்தாலும் சாப்பிட்டுவிட்டுச் சிரிப்பார். நாம் முகம் சுளித்தால் நம் முட்டைக்கோஸ் திரும்பி வந்துவிடும் என்பார்.

"சொல்லுங்க அண்ணி."

"தேத்தண்ணி" என்றாள் நீலாவதி. அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "காலைல அஞ்சரைக்கு என் கையால ஒரு தம்ளர். எந்த ஊர்ல இருந்தாலும் அது இல்லாம அவருக்குப் பொழுது விடியாது. மத்ததெல்லாம் நீயே பாத்துச் செய்."

அம்மாக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, சரி அண்ணி என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தேநீரை நீலாவதியே போட்டாள். இந்தத் தோட்டத்துத் தூள்தான். ஒவ்வொரு நாட்டுக்குக் கிளம்பும்போதும் பெட்டியில் அவள் முதலில் எடுத்து வைத்தது அதைத்தான். இஞ்சியைத் தட்டிப் போட்டு, டின் பால் கலந்து, எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, கூடத்தில் இருந்த அவர் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

இதற்கு முன் கடைசியாகப் போட்டது ஆஸ்பத்திரிக்கு. ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய், ஆற வைத்து, ஸ்பூனால் இரண்டு வாய் கொடுத்தாள். கண்ணைத் திறந்து பார்த்து, "நல்லாருக்கு, நீலா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. இந்தப் பதினாறு நாளும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், குளித்தாள், நாலு பேருக்குப் பதில் சொன்னாள்.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமிலிருந்து விவசாயிகள் தக்காளியும் முட்டைக்கோஸும் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருக்கும் வசந்தன் ஒரு லோரிச் சாமந்தியோடு வந்து இறங்கினான். லயன் வாசல் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக ஆகிவிட்டது.

ஒரு முறை அவன் அனுப்பிய பூவை, பூச்சி இருக்கிறதென்று வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்களாம். அர்ஜுனன் அந்த அதிகாரிக்கு எதிரே காலையில் போய் உட்கார்ந்தவர், சாயங்காலம்தான் எழுந்தாராம். அந்தக் கதையை வசந்தன் எல்லோருக்கும் சொன்னான்.

"அந்தாளு பாலில்லாத தேத்தண்ணி, தே ஓ, ஊத்த ஊத்த நம்ம சாரு குடிச்சிக்கிட்டே இருந்தாராம்லா. எட்டுக் கப்பு. கடைசில அவனுக்கே வெக்கமாப் போயி கையெழுத்துப் போட்டுட்டான். தோட்டத்துல பொறந்த உடம்புலா அது. கீறிப் பாத்தா ரத்தம் வராது, தேத்தண்ணிதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீலாவதிகூடக் கொஞ்சம் சிரித்தாள். அம்மாக்கண்ணு மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நீலாவதி பின்னாலேயே போனாள். என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் அம்மாக்கண்ணு. நீலாவதி அவள் கையைப் பிடித்துத் திரும்பவும் கேட்டாள்.

"அண்ணனுக்குத் தேத்தண்ணி ஆகாது, அண்ணி. சின்னதுலேருந்தே."

பிறகு அம்மாக்கண்ணு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் காலத்தில் காலையில் வீட்டில் சாப்பிட ஒன்றும் இருக்காது. அம்மா வெறும் வயிற்றுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணியைக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவாள். ஒருநாள் அண்ணன் வகுப்பிலேயே சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட, பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வாசனையே அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், இந்த வீட்டுக்கு வந்ததும் ஒரு தம்ளர் சுடுதண்ணி கொடு கண்ணு என்றுதான் கேட்பார்.

நீலாவதி அதைப் பார்த்ததில்லை. லயன் வீடு உனக்கு வசதிப்படாது என்று அவளைத் தானா ராத்தா ஓட்டலில் விட்டுவிட்டு, தங்கையைப் பார்க்க அவர் தனியாகத்தான் வருவார்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிருச்சு" என்று அம்மாக்கண்ணு அழுதாள். "'அவ ஆசையாப் போடுறா, கண்ணு'ன்னு சொல்லும்."

நீலாவதி அடுப்படிச் சுவரில் சாய்ந்தாள். முப்பத்து நான்கு வருடக் காலைகள். ஒவ்வொரு காலையிலும் அவர் அவளுக்கு எதிரே, அந்தத் துறைமுகத்து அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்திருக்கிறார். தங்கை வீட்டில் வேண்டியதைக் கேட்டு வாங்கிக் குடித்தவர், தன் வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு தடவை வேணாம்னு சொல்லிருக்கலாம்ல, கண்ணு" என்றாள். "நான் என்ன, வெளிநாடா?"

ஆசையாகப் போடுகிறாள் என்று அவர் சொன்னதில் அன்பு இருந்தது, நீலாவதிக்கும் அது தெரிந்தது. ஆனால் உப்புக் கரித்த அந்தச் சாம்பார், வாங்கிக் கொடுத்த சேலைகள், பிள்ளை இல்லாவிட்டால் என்ன, நாம் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவர் சொன்னது, ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு வாய். இவற்றில் எது அவர் மனதிலிருந்து வந்தது, எது அவள் முகம் வாடக் கூடாதென்று வந்தது? கேட்க ஆள் இல்லை.

கூடத்திலிருந்து பூசாரி கூப்பிட்டார். நேரமாகிவிட்டதாம்.

நீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், படத்துக்கு முன்னால் ஆடை படிந்திருந்த தம்ளரை எடுத்துவந்தாள். கழுவினாள். கெட்டிலில் கொதித்த தண்ணீரை அதில் ஊற்றி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கைவிரல் சுட்டது.

"அக்கா, சாருக்குத் தேத்தண்ணி வைக்கலையா?" என்று வசந்தன் மெதுவாகக் கேட்டான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. படத்தில் அர்ஜுனன் கோட்டும் டையுமாக, எந்த நாட்டு மேசைக்கும் பொருந்துகிற அந்தச் சிரிப்போடு இருந்தார். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் நீலாவதி சொன்னாள்.

"இன்னிக்கு நல்லாருக்குன்னு சொல்ல வேணாம்ங்க."

சொல்லிவிட்டு, தம்ளரில் ஆவி அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.