மேல் தாழ்ப்பாள்

கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் கடைக்குப் பலகை எழுதினார்கள். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தாக அவர் பெயர். அதன் கீழே 'பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம், தேனி'. பெயிண்ட் வாசனை போகுமுன்னே அவர் சிலோனுக்குக் கப்பலேறிவிட்டார். பண்டாரவளையில் அவருடைய தாய்மாமன் மளிகைக் கடை வைத்திருந்தார். இந்தச் சின்னக் கடைக்கு அப்பா ஒருத்தர் போதும், இரண்டு வருஷம் இருந்து முதல் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்றார். அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மாமனார் காலமான பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். பலகையில் பெயர் அவருடையது, கடைக்குள் தொண்டை என்னுடையது. பூமாரி அதட்டினால் பெரியகுளத்து மாடு மிரளும் என்று பஜாரில் கேலி பேசுவார்கள்.

முதலில் ஒழுங்காகக் கடிதம் வந்தது. அப்புறம் அங்கே சட்டம் மேல் சட்டம் போட்டார்கள். 'எங்கள் பிழைப்பை இந்தியாக்காரன் தின்கிறான் என்று இங்குள்ளவர்கள் பேசுகிறார்கள். பெர்மிட் உள்ளவன் இருக்கலாம். ஊருக்கு வந்துவிட்டால் திரும்ப விடமாட்டார்கள்' என்று எழுதினார். வரவேண்டாம், கடிதமாவது வரட்டும் என்று இருந்தேன். ஐம்பத்தெட்டில் அங்கே கலவரம் என்று பேப்பரில் போட்டிருந்தது. அதோடு கடிதமும் நின்றது.

செத்துப்போனார் என்று பாதிப் பேர் முடிவு கட்டினார்கள். மீதிப் பேர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டாவதுதான் பயம்.

நான் அவர் பெயரைச் சொல்லமாட்டேன். புருஷன் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஊராரும் என் முன்னால் சொல்வதில்லை. நான் அழுதுவிடுவேனாம். நானா அழுகிற ஆள்? இப்படி ஆளுக்கு ஒரு பக்கமாகச் சேர்ந்து அந்த மனுஷனைப் பலகையிலேயே அடைத்துவிட்டோம்.

அவர் குள்ளம். என் தோளுக்குத்தான் இருப்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால் உள்ளிருந்துதான் கடையைச் சாத்துவோம். மேல் தாழ்ப்பாள் அவருக்கு எட்டாது. போட்டுவிடு என்று வாய்விட்டுக் கேட்கக் கௌரவம் விடாது. கதவைச் சாத்திவிட்டு, உள்பக்கமாகத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நான் போய் எட்டிப் போடுவேன். எங்களுக்குள் இருந்த கொஞ்சலெல்லாம் அவ்வளவுதான். இப்போது நானே சாத்தி நானே போடுகிறேன். ஆனாலும் போடுவதற்கு முன்னால் என் தலை உள்பக்கம் ஒருதரம் திரும்பும். யாராவது கேட்டால் எலி ஓடியது என்பேன்.

எழுபத்திரண்டில், இரண்டு சர்க்காரும் பேசிவைத்தபடி தேயிலைத் தோட்டத்து ஜனங்களைச் சிலோனிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கி நம் பக்கமும் சில குடும்பங்கள் வந்தன. அப்படி வந்தவன் கர்ணன். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பாட்டன் தேவாரம் ஊரிலிருந்து போனவர் என்று அங்கே போய் வீடுவீடாகக் கேட்டிருக்கிறான். அந்தப் பாட்டனை யாருக்கும் தெரியவில்லை. வேலை தேடித் தேனிக்கு வந்து, என் கடை முன்னால் நின்றான்.

"எந்தப் பக்கம் இருந்த?" என்றேன்.

"பதுளைப் பக்கம்மா."

பண்டாரவளையும் அந்தப் பக்கம்தான். "பண்டாரவளை தெரியுமா? அங்கன கடையில இந்தப் பேர்ல ஒருத்தரு..." என்று பலகையைக் காட்டினேன்.

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "சங்கரலிங்கம்... சங்கரலிங்கம் அய்யாவா? தெரியாம என்னம்மா. சாமான் வாங்க அவரு கடைக்குத்தான போவோம். நல்லா நெட்டையா, வாட்டசாட்டமா இருப்பாரு."

அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, புளுகுகிறான் என்று. வேறு நாளாக இருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் அவன் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிவிட்டான். விரட்ட மனசு வரவில்லை. நாளைக்கு வா என்றேன்.

எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. காலையில் வந்ததும் அவரவர் கொக்கியை என் கடைப்படியில் வரிசையாக வைப்பார்கள். லாரி வந்தால் முதல் கொக்கிக்காரனுக்கு முதல் மூட்டை. மறுநாள் கர்ணனும் ஒரு கொக்கியைக் கொண்டுவந்து கடைசியில் வைத்தான். அவர்களுக்குத் தலைவன் ஒச்சாண்டி அதை எடுத்து வீசினான். அது சாக்கடையில் போய் விழுந்தது.

கமிஷன் கடை சுயம்புலிங்கம் அண்ணாச்சி எதிரிலிருந்து குரல் கொடுத்தார். "சர்க்காரு கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து எறக்குது, லோனும் குடுக்குது. அது பத்தாதுன்னு இங்கன உள்ளவன் சோத்துலயும் கை வைக்கணுமாக்கும்?"

டீக்கடையிலும் அதே பேச்சு. சிலோன்காரன் கூலியைக் குறைத்துவிடுவான், சிலோன்காரனை இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஊரே அவனுடையது. அவர் கடிதத்தில் எழுதியிருந்த வாக்கியம்தான், ஊர் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாரியிலிருந்து இறக்குவது ஒச்சாண்டி ஆட்களின் பாத்தியதை. கடைக்குள் அடுக்குவது என் இஷ்டம். அந்த வேலைக்குக் கர்ணனைச் சாயங்காலம் வரச்சொன்னேன். கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அடுக்கிக்கொண்டே அவன் கதை சொல்லுவான். சங்கரலிங்கம் அய்யா தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கை நிறைய வெல்லம் கொடுப்பாராம். நம் வீட்டில் அவர் தீக்குச்சியை எண்ணிக் கொடுத்த மனுஷன். சங்கரலிங்கம் அய்யா பனிக்காலத்தில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு பாடுவாராம். கோவிலில்கூட வாய் திறக்காதவர். நான் 'ம்' கொட்டுவேன். பகலெல்லாம் வியாபாரம் பார்த்துக்கொண்டே சாயங்காலம் எப்போது வரும் என்று இருப்பேன். நாற்பது வயசுப் பொம்பளைக்கு இது என்ன பைத்தியம் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். திட்டிவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டு உட்காருவேன்.

ஒருநாள் அவன் அடுக்கும்போது மூட்டையைப் பாதியில் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். கேட்டதற்கு, காலையிலிருந்து சாப்பிடவில்லை, இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். மறுநாள் ஒச்சாண்டியைப் படியிலேயே நிறுத்தினேன்.

"ஏலே ஒச்சாண்டி, ஒன் தம்பி சின்னச்சாமி எங்கன?"

"அவன் ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏறிப் போயிட்டான்ல."

"அங்கன உள்ள மலையாளத்தாளுக, பாண்டிக்காரன் எங்க சோத்துல கை வைக்கிறான்னு அவனைத் தள்ளிவிட்டா?"

"அது வேற, இது வேறக்கா."

"வேறதான். அவன் ஏறிப் போனான், இவன் எறங்கி வந்திருக்கான்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒச்சாண்டி சிரிக்கவில்லை. "நீங்க பேசிருவீக. எனக்கு நாலு பிள்ளைக. நாளைக்குப் பத்து மூட்டைன்னா பத்து மூட்டைதான். ஆளு கூடுது, மூட்டை கூடுதா? சொல்லுங்க."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ராத்திரி யோசித்தேன். கடலைப் புண்ணாக்கை நான் சில்லறையாக வாங்கி விற்றுவந்தேன். சுயம்புலிங்கம் அண்ணாச்சி வெகுநாளாக, லாரிக்கணக்கில் இறக்கு, கம்பம் வரைக்கும் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனிப் பொம்பளைக்கு எதற்கு அந்தப் பாடு என்று ஒதுங்கியிருந்தேன். இப்போது இறங்கினேன். மாமியார் போட்ட சங்கிலி அடகுக்குப் போயிற்று. முதல் லாரி வந்து நின்றபோது ஒச்சாண்டியைப் பார்த்து, "மூட்டை கூடிருச்சு, ஆளக் கூட்டு" என்றேன்.

அவன் லாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கடைசியாத்தான் நிப்பான்" என்றான். கர்ணன் கொக்கியைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தான். யாரும் எடுத்து வீசவில்லை. சுயம்புலிங்கம் அண்ணாச்சி மட்டும், காலம் கெட்டுப்போச்சு என்று முனகிவிட்டு, தன் கடைக்கும் இரண்டு மூட்டை கேட்டு ஆளனுப்பினார்.

அன்று சாயங்காலம் கர்ணன் வந்தான். மூட்டை அடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, எனக்கு இப்ப வேலை கெடைச்சிருச்சு. இனிமேயும் மறைச்சா நான் மனுசனில்ல. சங்கரலிங்கம் அய்யாவ நான் பார்த்ததே இல்லைம்மா. பண்டாரவளைக்கு ரெண்டு தரம் போயிருக்கேன், அவ்வளவுதான். பலகையில பேரப் பார்த்துச் சொன்னேன். வயித்துப்பாட்டுக்குச் சொன்ன பொய்."

நான் இரண்டு கதவில் ஒன்றைச் சாத்திக்கொண்டிருந்தேன். இவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்து என் சாயங்காலத்தை நானே கெடுத்துக்கொண்டேனே என்றுதான் முதலில் தோன்றியது.

"தெரியும்" என்றேன். "அவரு என் தோளுக்குத்தான் இருப்பாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்புறம் எதுக்கும்மா எனக்காக இம்புட்டுப் பாடு?"

"பாடு ஒனக்காகத்தான். பசிச்ச வயித்தோட என் கடையில ஒருத்தன் மூட்டை தூக்கக் கூடாது." அதட்டிப் பேசியே பழகிய தொண்டை, மெதுவாகப் பேச வரவில்லை. "இந்தத் தெருவுல அவரு பேரச் சொல்ல ஒரு வாய் இல்லை கர்ணா. நீ சொன்ன. பொய்யோ மெய்யோ, அவரு எங்கனயோ நடந்தாரு, சிரிச்சாரு, வெல்லம் குடுத்தாரு. எனக்கு அது வேணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை.

"நேத்து எங்க விட்ட? மழை கொட்டுச்சு, கடையில யாருமில்லன்னு சொன்ன. அப்புறம் சாத்துனாரா?"

என் கை மேல் தாழ்ப்பாளில் இருந்தது. வழக்கம்போல என் தலை உள்பக்கம் திரும்பியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தினமும்தான் பார்த்திருப்பான். மெல்ல ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"சாத்துனாரும்மா. சங்கரலிங்கம் அய்யா கொஞ்சம் குள்ளமில்ல, மேல் தாழ்ப்பாள் எட்டல. கதவப் புடிச்சுக்கிட்டே உள்பக்கமாத் திரும்பிப் பார்த்தாரு."

இத்தனை வருஷமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"உள்ள யாரு இருந்தா?"

"யாருமில்லம்மா" என்றான் கர்ணன். "சும்மா, பழக்கம் போல."