மூன்றாம் மாடி ஜன்னலில் ஓர் ஆட்டம்

என் நாத்தனார் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் போதும், நிலாவில் இருக்கும் கறையைக்கூட எடுத்துவிட்டுத்தான் ஓய்வாள். அதுவே அன்று வினையாகிவிட்டது.

பழைய நூல் ஆலையை அடுக்குமாடி வீடுகளாக மாற்றுகிறார்கள். அதன் ஜன்னல்களைச் சீர்செய்வது எங்கள் குடும்பம். துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவர் என் வீட்டுக்காரர், கண்ணாடி பதிப்பது நான், துடைப்பது அவர் தங்கை. பழைய கண்ணாடி ஒன்றைக்கூட மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. மாற்றியிருந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நான் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட ஜன்னல்களை இன்னொருத்தி தொடுவதா?

சோதிக்க வந்த அதிகாரி மூன்றாம் மாடி ஜன்னல் முன் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

“இது புதுக் கண்ணாடிம்மா.”

“பழசுதான் சார். இவ துடைச்ச துடைப்புல வயசு குறைஞ்சிருச்சு.”

“பழசுன்னா அந்தப் பக்கம் இருக்கிறது அலை அலையா தெரியணுமே. எங்க, காட்டுங்க.”

எதை வைத்துக் காட்டுவது? வெளியே வெறும் வானம். வளைந்து தெரிய ஒரு மேகம்கூட இல்லை. அவர் பேனாவைத் திறந்தார். நாத்தனார் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த சாரத்தில் என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். விறைப்புக்குப் பேர்போன மனிதர். எங்கள் கல்யாணத்தில் எல்லோரும் ஆடியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வயிறு முன்னே போனது, இடுப்பு பின்னே வந்தது, மீசை தனியாகக் குதித்தது.

அதிகாரி பேனாவை மூடினார். “அவரை இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்க.”

கண்ணாடியைத் தட்டிச் சைகை காட்டினேன். முறைத்துக்கொண்டே திரும்ப நடந்தார். முறைக்க முறைக்க ஆட்டம் கூடியது. “அண்ணி, அண்ணன் இடுப்பைப் பாருங்க” என்று நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பழசுதான்,” என்றார் அதிகாரி, கண்ணைத் துடைத்தபடி. “நல்ல பழசு. இன்னும் ஒரே ஒரு தடவை நடக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொக்கியை விடுவித்து ஜன்னலை உள்ளே இழுத்தேன். வெண்ணெய் போலத் திறந்தது.

“ஏங்க, பாஸாயிட்டோம். எல்லாம் உங்க ஆட்டத்தாலதான்.”

“நான் எங்கடி ஆடினேன்?”

“கண்ணாடி வழியா பார்த்தா ஆடுறீங்க.”

அவர் சாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. பெயிண்ட் பிரஷை உயரத் தூக்கி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் கண்ணாடியே இல்லை.