மீசை இருக்கும் இடம்

கோதுமைக்குத் துரு நோய் வந்தால் இலையெல்லாம் செம்புழுதி படிந்ததுபோல் ஆகிவிடும். பயிர் ஆராய்ச்சியாளரான அவளுடைய சோதனை வயலில் பாதிச் செடிகளுக்கு அது வந்தது. ஒட்டி நின்ற மீதிப் பாதிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? இரண்டு வருடமாக இந்த ஒரு கேள்விதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. காப்பாற்றுகிற மரபணு ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு செடியின் இலையிலிருந்தும் மரபணுத் தொடரைப் படித்து, அந்தச் செடிக்கு நோய் வந்ததா என்பதோடு பொருத்திப் பார்த்தால், கணினித் திரையின் வரைபடத்தில், அந்த மரபணு இருக்கும் இடத்தில் ஒரு கோபுரம் எழும்ப வேண்டும். வந்ததோ மேடே இல்லாத வெறும் புல்தரை.

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. திங்கட்கிழமைக்குள் ஒன்றும் தேறாவிட்டால் வயலை உழுது மக்காச்சோள ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையைவிட ஆர்வம் பெரிதாக இருந்ததால் அழவில்லை. மரபணுவே இல்லையா, தேடுகிற விதம்தான் கோணலா?

சட்டென்று மீசை நினைவுக்கு வந்தது. சில கோதுமைக் கதிர்களுக்கு நீளமாக மீசை இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. மீசையின் மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இந்தத் துறையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். துருவை விட்டுவிட்டு மீசையைத் தேடினாள். கணினி அதற்கும் கையை விரித்தது. அவளுக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! தெரிந்த மரபணுவே அகப்படவில்லை என்றால் கோணல் தேடுகிற விதத்தில்தான். செடி ஒன்றும் இலை ஒன்றுமாக எங்கோ மாறிப்போயிருக்கிறது.

இலை சேகரித்த அன்று உதவியாளருக்குக் காய்ச்சல். தையல்காரரான அவள் கணவர்தான் கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவள் செடி செடியாக இலையை வெட்டிக் கொடுக்க, அவர் சிறு குழிகள் நிறைந்த தட்டுகளில் போட்டார். "ஒன்னு விடாம வரிசையா போடுங்க" என்றுதான் அவள் சொன்னாள். எந்தக் கோடியிலிருந்து என்று சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் முட்டைத் தட்டில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். இடது கைக்காரர். முதல் முட்டை வலது கோடிக்குப் போனது, அடுத்தது அதற்கு இடப்பக்கம். அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு இலையையும் இப்படித்தான் போட்டீங்களா?"

"பின்ன? இடது பக்கம் ஆரம்பிச்சா, போட்டதுக்கு மேலயே கை போகும். தட்டி விட்டுராதா?"

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு வரிசையையும் தலைகீழாக்கி, முதலில் மீசையைத் தேடினாள். அது சமர்த்தாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இனி துரு. இலை சரியாகிவிட்டது என்பதற்காக மரபணு இருந்துதான் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. துருவைத் தேடும் கட்டளையை எழுதி முடித்தாள்; பொத்தானைத் தட்டுவதுதான் பாக்கி.

விஷயம் புரிந்த கணவருக்கு முகம் செத்துப்போனது. "என்னால உன் வயலே போயிருக்குமே" என்றார்.

அவள் கணினியை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே தட்டுங்க. இடது கையாலயே."

அவர் தட்டினார். மீசைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு குரோமோசோமில், ஒற்றையாக, ஒரு கோபுரம் எழும்பியது. திங்கட்கிழமை வயலுக்கு டிராக்டர் வராது.

அவர் திரைக்கு அருகில் குனிந்து, அந்த உச்சியில் விரலை வைத்தார். "இங்க அப்படி என்னதான் இருக்கு?"

இடம்தான் கிடைத்திருந்தது; அங்கே இருக்கும் மரபணு எது என்று இனிமேல்தான் தேட வேண்டும். "தெரியலை" என்றாள் அவள். இந்த இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதே இல்லை.