காலில் விழுந்த முதலாளி

சலவைக்கூடத்து முதலாளியைப் போல ஒரு நல்லவரை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, அது அவரிடம் வேலை பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து இறங்கும் அந்தக் கூடத்தில், காலை மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். முதலாளி ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, கைகூப்பிக் குனிந்து, "உங்களுக்குள்ள இருக்கிறவரை வணங்கறேன்" என்பார். பதிலுக்கு அவர்களும் குனிய வேண்டும். சுவரோர எறும்புகளுக்குத் தன் கையாலேயே சர்க்கரை வைப்பார். எலிப்பொறி வைத்த காவலாளிக்கு அவருடைய உபதேசம் கேட்டுக் கேட்டுக் காதே புளித்துவிட்டது.

எல்லாவற்றிலும் கடவுளைப் பார்த்தவர், ஈர விரிப்புகளை உள்ளிழுத்துத் தேய்த்துத் தள்ளும் இஸ்திரி உருளைக்கு முன்னால் நிற்கும் பெண்களின் விரல்களை மட்டும் பார்க்கவில்லை. கொதிக்கிற அந்த உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் உருளை நின்றுவிடும். துணி கொஞ்சம் தடித்தாலும் நின்றுவிடும், வேலை தேங்கும். அதனால் கம்பியைக் கழற்றச் சொன்னார். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒரு அக்காவும் தங்கச்சியும் உண்டு. கழற்றிய சில நாளிலேயே ஈரத்துணியோடு தங்கச்சியின் இரண்டு கைகளும் உள்ளே போயின.

எதிர்ப்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காதான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாள். கூடப் பிறந்தவளின் அலறல் அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தங்கச்சியை, முழங்கைவரை கட்டோடு, அவளே கூடத்துக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

"அழுதுடாத. கம்பியைத் திரும்பப் போடணும். கை ஆறுற வரைக்கும் வைத்தியம் பாக்கணும். அப்புறம் உன்னால முடிஞ்ச வேலை ஏதாவது குடுக்கணும். அவ்வளவுதான். நிமிர்ந்து நின்னு கேளு."

"கேக்கறேன்க்கா."

காலை வரிசையில் முதலாளி தங்கச்சியின் முன்னால் வந்து நின்றார். அன்று அவர் குனியவில்லை. நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். வெள்ளைச் சட்டை ஈரத்தரையில் நனைந்தது.

"உனக்குள்ள இருக்கிற தெய்வத்துக்கு என் இடத்துல காயம் பட்டுடுச்சும்மா. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

தங்கச்சி வாழ்க்கையில் கால் என்றால் புருஷனுடைய கால்தான், அதுவும் உதைக்க நீண்ட கால். தன் காலில் ஒருவர் விழுவதை அவள் கனவிலும் கண்டதில்லை. பொலபொலவென்று அழுதாள்.

"ஐயோ, மன்னிச்சுட்டேன்யா! எழுந்திருங்க!"

கூடமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. முதலாளியும் துடைத்துக்கொண்டு எழுந்து, மெஷினைப் போடச் சொன்னார். அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, அந்தக் கம்பி?"

"அதான் அவங்களே மன்னிச்சுட்டாங்களே, நீ என்ன நடுவுல?" என்று மேற்பார்வையாளர் பாய்ந்தார்.

"நாளைக்கு இன்னொரு சாமியோட கை உள்ள போகும். அப்பவும் விழுவீங்களா? எங்களைச் சாமியாக்க வேணாங்கய்யா. மனுஷிங்கன்னு நெனச்சு அந்தக் கம்பியை மட்டும் போடுங்க."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அவளுக்கும் கைகூப்பினார்.

"உங்க கோபத்துக்குள்ளயும் அவர்தான் இருக்கார்மா. உங்களை மாதிரி விழிப்பா இருக்கிறவங்கதான் உருளைகிட்ட நிக்கணும். நாளையிலேருந்து அங்க வாங்க."

அன்று முழுக்க அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தனை பெரிய மனிதரை எதிர்த்துப் பேசிய பாவி அல்லவா!

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் தங்கச்சி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "என் கால்ல! அப்படியே தரையில விழுந்து!" வலியிலும் அவள் முகம் மினுமினுத்தது. கூட்டம் கலைந்த பிறகு அக்கா கேட்டாள்.

"நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்த் திரும்பக் கேப்போமா?"

"எப்படிக்கா? மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேனே. என்னைத் தெய்வம்னு நெனச்சு விழுந்தவர்கிட்டப் போய் வைத்தியம் பாரு, வேலை குடுன்னு கையேந்துனா அசிங்கமா இருக்காது?"

"ஏந்துறதுக்குக் கை எங்கடி இருக்கு உனக்கு?"

சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அக்காவுக்கு. தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அக்கா அவளை எழுப்பிக் குளிப்பாட்டினாள். ஈரம் துடைத்து, உடை உடுத்தி, தலை வாரி, பொட்டு வைத்தாள். தங்கச்சி பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாமிக்குச் செய்கிற அத்தனையும் செய்து, கடைசிக் கவளத்தையும் ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, கம்பியில்லாத உருளையில் வேலை பார்க்க அக்கா கிளம்பினாள்.