இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறுகிறவளைப் பார்த்து யாரும் பல்லைக் காட்டிச் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் தலை தெரிந்தால் கண்டக்டருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். டிக்கெட் எடுக்காதவனுக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே என்னவோ அதிசயம் தெரியும். இருபத்தாறு வருடமாக அந்த வேலைதான் செக்கரம்மாவுக்கு. ஊருக்கே அவள் செக்கரம்மா. சொந்தப் பேரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது.

அப்படிப்பட்டவளைத்தான் நகரசபை மேற்பார்வைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனைப் பொதுமக்களே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏற்படுத்திய ஐந்து பேர் குழு அது. ஆளுக்கு ஓர் அட்டை உண்டு. எந்த நேரத்திலும், முன்கூட்டிச் சொல்லாமல், உள்ளே போகலாம். லாக்கப்பைப் பார்க்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், பார்த்த பக்கத்தில் கையெழுத்துப் போடலாம். இரண்டு பேராவது சேர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொல்லாமல் போகலாம் என்று அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தும் குழு ஒரு தடவைகூடச் சொல்லாமல் போனதில்லை. குழுத்தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், தங்கமான மனுஷர். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டே நாற்பது வருடம் பல் பிடுங்கியவர். சொல்லாமல் யாரையும் தொட்டுப் பழக்கமில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை போவார்கள். திங்கட்கிழமையே போன் போட்டு, "நாளைக்கு வரலாமா? உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டுவிடுவார். செவ்வாய்க்கிழமை போனால் தரையெல்லாம் பினாயில் மணக்கும். லாக்கப்பில் புதுப் பாய் கிடக்கும். தட்டு நிறைய பிஸ்கெட் வரும்.

இரண்டு செவ்வாய்க்கிழமை பிஸ்கெட்டைப் பார்த்து உள்ளுக்குள்ளேயே பொருமினாள் செக்கரம்மா. வாயைத் திறக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. அந்த ஸ்டேஷனில் பதிவேடு எழுதுகிற ரைட்டர் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. அம்மா அப்பா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. அவள் வீட்டு மாடியில்தான் மனைவியோடு குடியிருக்கிறான். இந்த வருடம் அவனுக்குப் பதவி உயர்வு என்று பேச்சு. குழுவில் சேரும்போதே விண்ணப்பத்தில் இதை எழுதிக் கொடுத்திருந்தாள். "அதனால என்னம்மா, நாம என்ன சண்டைக்கா போறோம்?" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

மூன்றாவது மாதம், செவ்வாய்க்கிழமைச் சடங்கெல்லாம் முடிந்து மூன்று நாள் ஆன வெள்ளிக்கிழமை காலை. நூலகத்துக்கு மேலே இருந்த குழு அறையில் டாக்டரும் அவளும் மட்டும் இருந்தார்கள். ஒரு பெண் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். புருஷன் எலக்ட்ரீஷியனாம். புதன்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு, வயரிங் வேலை பார்த்த வீட்டில் கைக்கடிகாரம் காணோம் என்று போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதாம்.

"மூணு தடவை போய்க் கேட்டுட்டேம்மா. அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டே வரலைங்கிறாங்க. தெருவே பார்த்துச்சும்மா ஜீப்புல ஏத்தினதை."

"இருபத்திநாலு மணி நேரத்துல நீதிபதிகிட்ட கொண்டு போயிருக்கணுமே," என்றார் டாக்டர். முகம் வாடிவிட்டது.

செக்கரம்மா கேட்டது வேறு. "போகும்போது என்ன உடுத்தியிருந்தாரு? காலுல என்ன?"

"நீலச் சட்டைம்மா. காலுல பழைய ரப்பர் செருப்புதான். இடது கால் வார் அந்து போய், சிவப்பு வயரைச் சுத்திக் கட்டியிருப்பாரு. புதுசு வாங்குங்கன்னு கரடியாக் கத்தியும் கேட்கலை."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால், டாக்டர் கையில் போன்.

"யாருக்கு டாக்டர்?"

"இன்ஸ்பெக்டருக்குத்தான். வரலாமான்னு ஒரு வார்த்தை..."

"டாக்டர், நான் இருபத்தாறு வருஷமா பஸ் ஏறுறேன். எந்த ஸ்டாப்புல ஏறட்டும்னு ஒரு நாளாவது கண்டக்டருக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கேனா?"

டாக்டர் போனை மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் தயங்கினார். "உங்க தம்பி இருக்காரேம்மா அங்க."

"இருக்கான். அதனால அறிக்கையை நான் எழுதக் கூடாது. நீங்க எழுதுங்க, நான் எண்ணுறேன். வாங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, படி இறங்கும்போது அவளுக்குத் தம்பி நினைப்புதான். கடவுளே, அவன் கை இதில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். டாக்டருக்குக் காதில் விழுந்திருக்கும், ஆனால் அவர் கேட்காத மாதிரி கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்.

பஸ்ஸில் போய் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின் தெரு வழியாக, வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குள் நுழைந்து போனார்கள். முன்வாசல் வழியாகப் போனால் காவலுக்கு நிற்கிறவன் மணி அடித்துவிடுவான். இதெல்லாம் தொழில் கற்றுக் கொடுத்தது. உள்ளே ஒரு கான்ஸ்டபிள் அவர்களைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

"ஐயா, இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்களே?"

"ஆமாப்பா, எங்க வீட்டு காலண்டர்லயும் அப்படித்தான் போட்டிருக்கு," என்றார் டாக்டர். அவருக்கே தன் தைரியம் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

பினாயில் வாசனை இல்லை. பிஸ்கெட் இல்லை. மேஜைக்குப் பின்னால் தம்பி எழுந்து நின்றான். காலையில்தான் அவள் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன். இப்போது பேயறைந்த மாதிரி நின்றான்.

"பதிவேடு," என்றாள் அவள். அக்காவாகக் கேட்கவில்லை.

அவன் கொடுத்தான். அவள் விரலை வைத்து வரி வரியாகக் கீழே வந்தாள். இருநூற்றுப் பதினொன்று: குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவன். இருநூற்றுப் பதின்மூன்று: அடிதடி. நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று நம்பர் மட்டும் இருந்தது. அதற்கு எதிரே வெறும் வரி.

இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். திருட்டுக் கண்டக்டர் செய்கிற வேலை இது. கணக்குத் தாளில் நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டு வைப்பான். செக்கர் ஏறினால் அவசரமாக நிரப்புவான், ஏறாவிட்டால் அமுக்கிவிடுவான். நிரப்புவதற்குள் பார்த்துவிட்டால் அவள் அதில் கோடு போட்டு அடைத்துவிடுவாள். இங்கேயும் அதேதான். யாராவது வந்து கேட்டால், இன்று காலையில்தான் பிடித்தோம் என்று எழுதிவிடலாம். யாரும் கேட்காவிட்டால் அந்த ஆள் வரவே இல்லை.

இந்த வித்தையை ஸ்டேஷனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சாப்பிட உட்காரும்போதெல்லாம் கண்டக்டர்கள் பிடிபட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் அவள்தான். எதிரே உட்கார்ந்து கேட்டுச் சிரித்தவன் இவன். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"லாக்கப்புல எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்," என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்ன டாக்டர், ஒரு போன் போட்டிருக்கலாமே?"

லாக்கப்பில் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர்தான் இருந்தார்கள். உள்ளே விடுமுன் பெல்ட்டையும் செருப்பையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். பக்கத்திலேயே மரத்தட்டு இருந்தது. அதில் மூன்று ஜோடிச் செருப்பு. மூன்றாவது ஜோடியில் இடது கால் வாரில் சிவப்பு வயர் சுற்றியிருந்தது.

"ஆள் ரெண்டு, செருப்பு மூணு ஜோடி. இது யாரோடது சார்?"

"அது... எங்க கான்ஸ்டபிளோடது."

"அப்படியா? போட்டுக் காட்டச் சொல்லுங்களேன்."

கான்ஸ்டபிளின் பாதம் முறம் மாதிரி இருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பரிதாபமாக நுழைத்துப் பார்த்தான். விரல் மட்டும்தான் உள்ளே போனது. லாக்கப்பிலிருந்த குடிகாரன் வாய்விட்டுச் சிரித்தான்.

செக்கரம்மா சிரிக்கவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவளுடையது. அந்தக் குரலில் கூப்பிட்டாள். "எலக்ட்ரீஷியன் தம்பி! உங்க வீட்டுக்காரம்மா சொல்லித்தான் வந்திருக்கோம்! எங்க இருந்தாலும் கதவைத் தட்டுங்க!"

ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு பழைய கோப்புகள் போட்டு வைக்கிற அறைக்கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு.

பூட்டைத் திறக்கச் சொல்லி டாக்டர் கத்தினார். ஆமாம், அந்த மனுஷர்தான் கத்தினார். உள்ளே நீலச் சட்டைக்காரன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். முழங்கையால்தான் தட்டியிருக்கிறான். இரண்டு கையும் வீங்கி விரலை மடக்க முடியாமல் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற கை அது. டாக்டர் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "வலிக்குதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சட்டென்று சமாளித்துக்கொண்டார். "ரைட்டர், என்னய்யா மசமசன்னு நிக்கிறே? எழுது. இன்னிக்குக் காலைல பத்து மணி, விசாரணைக்கு அழைத்து வரப்பட்டார்னு எழுது."

தம்பி உட்கார்ந்தான். பேனாவைத் திறந்தான். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேராக முனையைக் கொண்டு போனவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு இப்படித்தான் பார்ப்பான். அவள் அந்த மேஜையிடம் போய், அவன் விரலுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவினாள்.

"அக்கா, கோடு போட்டா என் வேலை போயிடும்க்கா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியும்டா."

அவள் குரலும் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வெறும் வரியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், இனி ஓர் எழுத்துக்கூட நுழைய முடியாதபடி, கோடு போட்டாள். கீழே தேதியும் பதினொன்று நாற்பது என்று நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தரையில் உட்கார்ந்திருந்த டாக்டரைக் கூப்பிட்டு அவரிடமும் கையெழுத்து வாங்கினாள். "அறிக்கையில எழுதுங்க டாக்டர். பதிவேடு எழுதினவர் எனக்குத் தம்பி. அதையும் விடாம எழுதுங்க."

அன்று மாலையே எலக்ட்ரீஷியனை நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. கைக்கடிகாரம் அந்த வீட்டுச் சோபா இடுக்கிலேயே கிடைத்ததாம், வெட்கம் கெட்டவர்கள். இன்ஸ்பெக்டரையும் ரைட்டரையும் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்து விசாரணை வைத்தார்கள்.

வீட்டில் பன்னிரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மாடியிலிருந்து யாரும் அவள் வீட்டுக்குள் வரவில்லை. தம்பி மனைவி அவளைப் படியில் பார்த்தால் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு, ஒன்றை சிங்கில் கொட்டுவாள் செக்கரம்மா. செய்தது சரிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு தரம் அழுதாள். யாரிடம் போய்ச் சொல்வது?

பதிமூன்றாம் நாள் காலை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான், நாலு நாளாய் மழிக்காத தாடியோடு. கையிலிருந்த தாள்களை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நேத்து இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பிச்சாரு," என்றான். "ஞாபக மறதியில அந்த வரி விட்டுப்போச்சுன்னு எழுதிக் கொடுத்தா போதுமாம். ரெண்டு பேரும் தப்பிச்சுடலாமாம். ஒரே மாசத்துல வேலை திரும்பக் கிடைச்சுடுமாம்."

அவள் தாளைப் பார்த்தாள். நாலு பக்கம். அவனுடைய குண்டு எழுத்து. மூன்று வருடத்தில் எந்தெந்த நம்பர் வரி காலியாக விடப்பட்டது, யார் விடச் சொன்னது, அந்த வரிக்குரிய ஆள் யார், எத்தனை நாள் உள்ளே இருந்தான், பிறகு என்ன எழுதி நிரப்பினார்கள். வரிசையாக எழுதியிருந்தான். மொத்தம் பதினேழு பேர். பதினேழாவது, எலக்ட்ரீஷியன். கடைசியில், "எழுதச் சொன்னது அவர்கள், எழுதியது என் கை" என்று முடித்திருந்தான்.

"அந்த ஆளோட கையை நானும் பார்த்தேன்ல," என்றான். "மூணு வருஷமா கதவுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து எழுதிட்டேன்க்கா. உள்ள போய் ஒரு தடவைகூடப் பார்க்கலை. நீ பாரு, எங்கயாவது வரி விட்டிருக்கேனான்னு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலத்தான் இருந்தது. அதைச் செய்யாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் எந்தக் கணக்குத் தாளையும் அவ்வளவு மெதுவாகப் பார்த்ததில்லை. நாலாம் பக்கத்தில், கடைசி வாக்கியத்துக்கும் அவன் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் இடம் இருந்தது.

"இங்க காலியா இருக்கு. நாளைக்கு எவனாவது எதையாவது நுழைச்சுடுவான்." பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். "கோடு போடு."

அவன் போட்டான். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் போட்டான். போட்டு முடித்ததும் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"இதை டாக்டர்கிட்ட கொடுக்கணும்," என்று எழுந்தான். "வீட்டுல இருக்காரான்னு போன் பண்ணிக் கேட்கட்டுமா?"

"போன் எதுக்கு?" என்று அவள் செருப்பை மாட்டினாள். "அப்படியே போவோம், வா."