இடது முன் சக்கரம்

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்ததும் புகைப்படங்கள் சமையலறை மேசை முழுக்கச் சரிந்தன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கணவருக்கு அதிலிருந்து இருபது படம் வேண்டுமாம். அடுத்த வாரம் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள். வாங்கியபோது வண்டி எந்தக் கோலத்தில் இருந்தது, இன்று எப்படி ஆகியிருக்கிறது என்று ஆல்பம் காட்டினால் நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் போடுவார்கள். "நீ பொறுக்கி வை, நான் வரிசையா ஒட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் காலையிலேயே ஷெட்டுக்குப் போய்விட்டார். விடுமுறை நாளில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஷெட்டில் தலை தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் கால் தெரியும்.

இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. அவளைவிட நாலு வயது மூத்தது. இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக் கூரை, தரையோடு தரையாக உயரம். மற்ற வண்டிகளில் ஏறி உட்காருவார்கள், இதில் இறங்கி உட்கார வேண்டும். கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு கோழிப்பண்ணைக்காரரிடமிருந்து அவர் அதை இழுத்து வந்தபோது இருக்கைக்கு அடியில் முட்டை ஓடும் இறகும் கிடந்தன. மழை பெய்தால் கிளம்பாது, வெயில் அடித்தால் கொதிக்கும். இரண்டும் இல்லாத நாளில் ஆயில் ஒழுகும். சளி பிடித்த பிள்ளைக்குத் துண்டு வைப்பதுபோல அதன் அடியில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். "எங்க வீட்ல எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, கூரைகூட இல்லாம திரிவா" என்று மருந்துக் கடையில் தன்னோடு வேலை பார்க்கும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தச் சக்களத்திக்கு விளக்குப் பிடித்ததும், ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததும், பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது பெடலை மிதித்ததும் அவள்தான்.

அவர் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார். கொதிக்காமல் இருக்க மின்விசிறி வைத்தார். மங்கிய விளக்குகளுக்காகப் புது ஆல்டர்னேட்டர் போட்டார். கார்புரேட்டர்களைப் பிரித்துச் சேர்த்து இன்ஜினுக்கு மூச்சு வரவழைத்தார். அவர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். அளவு மயிரிழை பிசகினாலும் அந்தத் துண்டின்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவிடுவார். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'சிவப்புப் பெயிண்ட்'தான். யார் கெஞ்சினாலும் கோட்டை அழிக்க மாட்டார். அதில் அவளுக்கும் ஒரு பெருமை இருந்தது.

பதினோராவது படத்தை எடுத்தபோது அவள் கை நின்றது. படத்தில் அவளுடைய தம்பி இருந்தான். இரண்டு காலோடு இருந்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு காலை நேரத்தில், அவளே எடுத்த படம். முந்தின வாரம்தான் வண்டியின் இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஸ்போக் வைத்த பளபளப்பான சக்கரங்களை அவர் மாட்டியிருந்தார். நாலு போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, அதற்கு இரண்டு காது, சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். அன்று அவருக்கு வேலைநாள். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு மச்சான்" என்று சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி பள்ளிக்கூட வேன் டிரைவர். வேனில் வரும் பிள்ளைகள் அவனை 'ஆமை மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு வேகம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு காலை மடக்கிக் குந்தி, மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். படம் எடுத்த அரை மணி நேரத்தில் வண்டி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடித்தது. முன்பக்கம் நசுங்கி அவனுடைய இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "சக்கரம்தான்க்கா முதல்ல போச்சு" என்பது. யாரும் நம்பவில்லை. இடித்த வேகத்தில் சக்கரம் பிய்த்துக்கொண்டது என்றார்கள். "அந்த சீட்ல உக்காந்தா சாமியாருக்கும் கால் அரிக்கும். வேகம்தான், வேற என்ன" என்று அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரிடமும் சொன்னார், விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் சொன்னார். வேகமாக ஓட்டுகிறவனைப் பிள்ளைகளோடு அனுப்ப முடியாது என்று பள்ளிக்கூடம் அவனை நிறுத்திவிட்டது. அவளும் கட்டில் ஓரத்தில் நின்று, "உனக்கு எதுக்குடா அவ்வளவு வேகம்?" என்று கேட்டாள். கால் போனவனைப் பார்த்துக் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் நட்டு தெளிவாக விழுந்திருந்தது, அதில் வெட்டிய அம்புக்குறியும். அம்பு, நட்டைக் கழற்றும் திசையைக் காட்டும். வலப்பக்கத்து மரையும் இடப்பக்கத்து மரையும் நேரெதிர் என்று அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கமானாலும் அம்பு வண்டியின் மூக்கை நோக்கி வளைந்திருக்க வேண்டும். "பாக்கத் தப்பு மாதிரி இருக்கும், ஆனா அதான் சரி. அப்படி இருந்தா வண்டி ஓட ஓட நட்டு தானா இறுகும். சக்கரம் ஏறி உக்கார்ற ஹப்ப ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டிட்டா ஓட ஓட தானா கழலும். இந்த வண்டி வெச்சிருக்கவன் தூக்கத்துல கூட மறக்கக் கூடாதது இது ஒண்ணுதான்." இந்தப் பாடத்தை அவர் நடத்தியது விபத்துக்குப் பிறகுதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடமாக வாரம் தவறாமல் அந்த நாலு நட்டையும் துடைத்து வருகிறாள். நாலிலும் அம்பு மூக்கைத்தான் பார்க்கும்.

படத்தில் அம்பு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படம்தான் இடம் வலமாக மாறிக் கழுவப்பட்டதோ என்று பார்த்தாள். நம்பர் பலகையின் எழுத்துகள் நேராகவே இருந்தன. தம்பியின் கைக்கடிகாரமும் இடது கையில்தான் இருந்தது. நொறுங்கிய வண்டியைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு அவர் பதினோரு நாள் ஷெட்டை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு வேலை செய்தது ஞாபகம் வந்தது. சோறு தண்ணீர் வேண்டாம் என்றார். பாவம், மச்சான் கால் போன துக்கம், வேலையில் மறக்கப் பார்க்கிறார் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொன்னாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவரே பழியைக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடந்தவன் தலையில் வைத்திருக்கிறார், அவளும் ஒரு கை பிடித்துத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஷெட்டில் அவள் போட்டுக்கொள்ளும் அவருடைய பழைய தொழிற்சாலைக் கோட்டை மாட்டிக்கொண்டு, படத்தை அதன் பையில் வைத்தாள். பையின் ஓரத்தில் எத்தனை துவைத்தும் போகாத சிவப்புக் கறை இருந்தது.

நாலு மணிக்குத் தம்பி வந்தான். அவன் இப்போது ஒரு வாகன நிறுத்தத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறான். விடுமுறை நாள்தோறும் கட்டைக்காலை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி இங்கே வந்துவிடுவான். வந்ததும் ஒரு துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பிப்பான். மாமாவின் வண்டியைப் பாழாக்கிவிட்டோம் என்கிற குற்ற உணர்ச்சி அவனுக்கு. காலைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. போன மாதம் அவளிடம் தனியாக, "நாப்பதுலதான் போனேன்னு நெனச்சேன்க்கா. எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை மிதிச்சிட்டேனோ என்னவோ" என்றான். அவள் பேச்சை மாற்றிவிட்டு டீ கொடுத்தாள்.

"வா மச்சான், சரியான நேரத்துக்கு வந்துட்ட. முன் பிரேக்ல ஏர் எடுக்கணும், பாட்டிலப் பிடி" என்றார் கணவர். இடது முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். தம்பி ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, காலைச் சிரமப்பட்டு நீட்டிக்கொண்டான். பிரேக்கிலிருந்து வரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் நுனியை பாட்டிலுக்குள் விட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டான். சும்மா இருக்க முடியாமல், கழற்றி வைத்த நட்டை மடியில் எடுத்து வைத்து மறுகையால் துடைத்தான். கணவர் பலகையில் படுத்து மட்கார்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். பானெட்டுக்கு அந்தப் பக்கம் தம்பியின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன.

"அமுக்கு" என்றார் கணவர்.

"அமுக்கியாச்சு."

ஸ்பானர் திரும்பியது. அடைப்பு திறந்தது. பெடல் அவள் காலுக்கடியில் அமிழ்ந்து தரையைத் தொட்டது. குழாயில் எண்ணெயும் குமிழியும் ஓடின. ஸ்பானர் மறுபடி திரும்பி இறுகியது.

"விடு."

"விட்டாச்சு."

முப்பது வருடக் குடித்தனத்தில் சண்டை சச்சரவில்லாமல் இருவரும் பேசிக்கொண்ட பேச்சு இது ஒன்றுதான். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. அவர் அடைப்பை மூடிவிட்டு 'விடு' என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், எல்லாம் முதலிலிருந்து. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் காலை முன்னதாக எடுத்ததில்லை. ஒரு தடவைகூட அவர் மூடாமல் 'விடு' என்று சொன்னதுமில்லை.

"குமிழி கொறைஞ்சிடுச்சு மாமா" என்றான் தம்பி, நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி.

"இன்னும் ஒரு தடவை. அமுக்கு."

அவள் மிதித்தாள். ஸ்பானர் திரும்பியது. பெடல் தரையைத் தொட்டது. கேட்காமலே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த வாரம் மைதானம், ஆல்பம், மதிப்பெண். இந்தப் படத்தை மட்டும் அடுப்பில் போட்டுவிட்டால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் இன்னும் ஆறு வருடம் கிடக்கும். தம்பி நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். குனிந்த தலையில் நரை தெரிந்தது. அவளுக்கு எட்டு வயது இளையவன்.

"அன்னைக்கு இவன் வண்டிய எடுத்தப்ப, இந்தச் சக்கரத்து அம்பு பின்னாடி பாத்துட்டு இருந்திருக்கு" என்றாள். "படத்துல இருக்கு. எங்கிட்டதான் இருக்கு படம்."

திறந்த அடைப்பின்மேல் ஸ்பானர் அப்படியே நின்றது.

"என்ன படம்க்கா?" என்றான் தம்பி.

"வேலைய முடிச்சிட்டுப் பேசலாம்" என்றார் கணவர்.

"ஹப்ப மாத்திப் போட்டது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவருடைய செருப்புக் கால்கள் மட்டும் அந்தப் பக்கம் எங்கோ தரையில் உரசுவது கேட்டது. முகம் தெரிந்திருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பார். இருட்டில், இரும்பைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வராது.

"வண்டியத் தூக்கிட்டு வந்த மறுநாள்" என்றார். பிறகு, "கேஸ் என்மேல திரும்பியிருக்கும். வேல போயிருக்கும். நான் வேணும்னு செய்யலயே" என்றார்.

"அவனுக்குப் போச்சே" என்றாள்.

தம்பி மடியிலிருந்த நட்டைப் பார்த்தான். கட்டைவிரலால் அம்பைத் தடவினான். டிரைவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கத்துவான், பாட்டிலை வீசி எறிவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் பாட்டிலைக் கவனமாகத் தரையில் வைத்தான்.

"நாப்பதுலதான் மாமா போனேன்" என்றான். யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான்.

"விடு" என்றார் கணவர்.

அவளிடம் சொன்னாரா, அவனிடம் சொன்னாரா தெரியவில்லை. ஸ்பானர் இறுகிய சத்தம் மட்டும் வரவே இல்லை.

"நீங்க இன்னும் மூடல" என்றாள் அவள்.

அடியிலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது, அழுகையா இருமலா என்று சொல்ல முடியாத சத்தம். ஸ்பானர் தரையில் விழுந்தது. அவள் காலை எடுக்கவில்லை. தொடையில் கையை ஊன்றி அழுத்திக்கொண்டாள். பானெட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி முன்னால் சாய்ந்து, சக்கரமில்லாத ஹப்பில் நட்டை வைத்துத் திருகினான். பின்பக்கமாகச் சுற்றினான், இறுகியது. முன்பக்கமாகச் சுற்றினான், கழன்று கைக்கு வந்தது. அவன் அதைத் திரும்ப வைத்து, மறுபடி சுற்ற ஆரம்பித்தான்.